ஏழாம் எண் அறையில் குஞ்சம்மாள்

என் தங்கை குஞ்சம்மாள் ஒண்டியாக நின்று வாங்கியவை இவை. கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, கல்வராயன் மலையடிவாரத்தில், கொழுந்தன்மார் பிடுங்கிக்கொண்ட ஒன்றரை ஏக்கர் நிலம். அதற்கு அவள் பெயரில் பட்டா. மகள் ராதிகாவுக்கு நர்ஸ் படிப்பு. சத்துணவு மையத்தில் சமையல் வேலை. ஒன்பது பேருக்குக் கடிதம் போயிருந்தது, குறித்த நாளில் போய்ச் சேர்ந்தவர்கள் இரண்டே பேர், அதில் இவள் ஒருத்தி. இருபத்தாறு வருடத்தில் காய்ச்சலில் கிடந்த நான்கு நாட்கள் தவிர அவள் உலை வைக்காத நாள் இல்லை.

இதற்கெல்லாம் முந்தின ஒரு நாளைத்தான் எழுதுகிறேன். அன்று அவள் கள்ளக்குறிச்சியில் ஒரு ஓட்டலில் தங்கினாள்.

கடைவீதியை ஒட்டிய ஓட்டல் அது. பன்னிரண்டே அறைகள், ஆனால் ஊரில் அதுதான் உசத்தி. கண்ணாடிக் கதவு, நுரை மெத்தை, சுடுதண்ணீர்க் குழாய். நான் அங்கே அறை பெருக்கிப் படுக்கை விரிக்கும் வேலையில் இருந்தேன். ஐந்தாவது வரை படித்திருந்ததால் சலவைச் சீட்டு எழுதுவதும் நானே.

இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று சாதிச் சங்கத்தார் அறிவித்திருந்தார்கள். விடிந்தால் மறியல். விடிந்து பத்து மணிக்குத்தான் குஞ்சம்மாள் அந்தச் சமையல் வேலைக்காக ஆபீசில் நிற்க வேண்டும். வராதவர் பெயரை அடித்துவிடுவோம் என்று கடிதத்தில் இருந்தது. அதனால் முதல் நாளே பஸ் ஏறி, மத்தியானம் ஒன்றரைக்கு வந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் அந்தப் பக்கமிருந்து பஸ் வரவில்லை.

வேலைக்காரர்களின் சொந்தக்காரர்கள் வந்தால் துணி அறையில் படுத்துக்கொள்வது வழக்கம். மேனேஜர் கண்ணாயிரம் அன்று ஒத்துக்கொள்ளவில்லை.

"வெளியூர் போலீஸ் எறங்கிக்கீது பச்சையம்மா. நோட்டுல பேரு இல்லாத ஆளு உள்ள இருந்தா அள்ளிக்கினு போயிடுவான். உன் தங்கச்சிய ஏழாம் நம்பர்ல எழுதிக்கிறேன். பாதி ரூம்பு காலிதான். ஒரு ரேகை வெச்சிட்டுப் போவட்டும்."

குஞ்சம்மாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "ரேகை வெக்க மாட்டேங்க."

புருஷன் செத்த பதினாறாம் நாள் கொழுந்தன்மார் நீட்டிய வெறுந்தாளில் ரேகை வைத்துத்தான் நிலத்தை இழந்தாள். அன்றிலிருந்து கட்டைவிரலில் மை படவிட்டதில்லை. கையெழுத்து என்று யார் கேட்டாலும் நான்தான் போடுவேன். எங்களுக்குள் அதில் ஒரு தப்பும் தெரிந்ததில்லை. அன்றும் பேனாவை வாங்கி 'குஞ்சம்மாள்' என்று போட்டேன். அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. என் கையெழுத்து அழகாக இருக்கும்.

நாலு மணிக்குக் கண்ணாயிரம் மாடிக்கு ஓடிவந்தார்.

"பக்கத்து லாட்ஜில செக்கிங். மறியலுக்கு வந்தவன் பொய்ப் பேர்ல தங்கிக்கீறானாம். ஒவ்வொருத்தரையும் வேற தாள்ல கையெழுத்து போடச் சொல்லி நோட்டோட ஒத்துப் பாக்கிறான். ஒத்து வராதவன வேன்ல ஏத்திட்டான். யாரு உன்ன அந்தக் கோடு, புள்ளியெல்லாம் வெக்கச் சொன்னது? அஞ்சாங்கிளாஸ் திமிரு!"

"இப்ப அடிச்சி எழுதினா, சார்?"

"அடிச்சது தெரிஞ்சா என்னையும் சேத்து ஏத்துவான்."

வேனில் ஏறினால் பத்து மணி ஆபீசு போச்சு. குஞ்சம்மாள் என்னைத் திட்டவில்லை. மெத்தையில் உட்கார்ந்து அமுக்கிப் பார்த்தாள்.

"எரும முதுவுல குந்தின மாதிரிக்கீது. இதுல எவன்க்கா தூங்குவான்? சரி, அந்தப் பேனாவக் குடு. ஆறு எழுத்துதான?"

சலவைச் சீட்டுகளின் பின்பக்கம் எழுதவைத்தேன். இருபத்திரண்டு சீட்டு. 'கு' சீக்கிரம் வந்தது. 'ஞ்' மட்டும் ஒவ்வொரு தடவையும் மல்லாந்து விழுந்தது.

"இன்னாக்கா இது, ஆட்டுக்கொடலு மாதிரி சுத்திக்கினு போவுது?"

"கம்முனு எழுதுடி."

தெருவில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. தியாகதுருகம் சாலைப் பக்கம் கோடரிச் சத்தம் கேட்டது; சற்று நிற்கும், பிறகு சாலையை மறிக்க வெட்டிய மரம் சரிந்து விழும் சத்தம். கீழே கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கண்ணாயிரம் கல்லடிக்குத் தடுப்பாக மெத்தைகளை நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். எழுதின சீட்டுகளை நான் வாளித் தண்ணீரில் ஊறவைத்து, பிசைந்து உருட்டி, அழுக்குத் துணிக்கூடையின் அடியில் போட்டேன். வாளித் தண்ணீர் நீலமாகிவிட்டது.

ஆறு இருபதுக்குப் பூட்ஸ் சத்தம் மாடி ஏறியது.

மூன்றாம் எண் அறையில் ஒரு ஜவுளி வியாபாரி இருந்தார். நல்ல மனிதர், துண்டைக்கூட மடித்துத்தான் வைப்பார். பயத்தில் அவருக்குக் கை நடுங்கி, கையெழுத்து கோணிவிட்டது. "என் கையிதான் சார், என் கையிதான்" என்றபடியே படியிறங்கினார். அவர் செருப்பு அறை வாசலிலேயே கிடந்தது. பிறகும் அதை எடுக்க யாரும் வரவில்லை.

அடுத்து ஏழு. இன்ஸ்பெக்டர் வாசலில் நின்றபடி மெத்தையையும் இவள் புடவையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மலையடிவாரத்துல இருந்து வந்து இந்த ரூம்லயா தங்கற? யாரு அனுப்பினது?"

"அக்கா இங்க வேலை செய்யுதுங்க. காலையில ஆபீசுக்குப் போவணும். கடுதாசி இருக்குதுங்க."

கடிதத்தை வாங்கிப் படித்தார். திருப்பித் தரவில்லை. நோட்டில் என் எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு, ஒரு வெள்ளைத்தாளை மேசையில் போட்டார்.

வெறுந்தாள். குஞ்சம்மாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கீழே வேன் கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது. அவள் குனிந்து பேனாவைப் பிடித்தாள். கு. அப்புறம் ஞ், மல்லாந்து விழாமல். மற்ற நான்கும் மெதுவாக வந்தன. அடியில் கோடு. ஒரு புள்ளி. இன்னொரு புள்ளி.

இன்ஸ்பெக்டர் நோட்டையும் தாளையும் விளக்கடியில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். தாளை எடுத்து, அவள் பெயருக்குக் கீழே தன் பேனாவால் தேதியைப் போட்டார்: 16-9-1987.