எங்கள் எண்ணின் மேல் விழுந்த புகார்

ஐ.பி. அட்ரஸ் என்கிற இணைய எண் ஒன்றைப் பற்றி உலகத்தில் யார் யார் என்ன புகார் சொல்லியிருக்கிறார்கள் என்று காட்டும் பக்கம் ஒன்று உண்டு. அதில் எங்கள் எண்ணைப் போட்டதும் திரை சிவப்பாக வந்து நின்றது. அதன் முன்னால், ஊருக்கே இணைய இணைப்புக் கொடுக்கும் கேபிள்கார அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்ற கோலம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனில்கூட அவர் அவ்வளவு பணிவாக நின்றதில்லை. இந்த எண்ணிலிருந்து யாரோ தங்கள் கணினிகளின் பூட்டை ஓயாமல் ஆட்டிப் பார்க்கிறார்கள் என்று, பெயர் வாயில் நுழையாத ஊர்க்காரர்களெல்லாம் எழுதியிருந்தார்கள்.

“ஏலே, நம்மூர்ல பாதிப் பேரு உச்சிப்புளியத் தாண்டுனதில்ல. அங்கன போயி எவன்டா பூட்ட ஆட்டுனான்?”

நான் அவரிடம் லைன்மேன். மூன்று மாதக் கம்ப்யூட்டர் படிப்பு இருந்ததால் இன்ஜினியர் என்று எனக்கு நானே பதவி உயர்வு கொடுத்திருந்தேன். ஊரில் எத்தனை வீடு இருந்தாலும் இணையத்துக்கு வெளியே போக எங்களுக்கு ஒரே எண்தான். ஒருவர் செய்த வினை எல்லார் தலையிலும் விழும்.

விழுந்தது, மிளகாய்க் காட்டுக்குக் கூலிக்குப் போகிறவரின் மகள் தலையில். டாக்டர்கள் பேசிப் பதிந்ததைத் தட்டச்சு செய்து தரும் வேலை, சென்னைக் கம்பெனிக்கு, வீட்டிலிருந்தபடியே. அந்த வீட்டுக்கு வந்த முதல் மாதச் சம்பள வேலை. எண் கெட்டுப்போனது என்று கம்பெனி அவளை உள்ளே விடவில்லை. செல்போன் இணைப்பும் கூடாதாம். நாளைச் சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு.

“சரியாயிருமாண்ணே?” என்று நாலு தரம் கேட்டாள். “நான் இருக்கேன்ல” என்று நாலு தரமும் சொன்னேன். அவள் தலை மறைந்ததும் அண்ணனிடம், “நாள் பூரா கம்ப்யூட்டர்ல இருக்கிறது அந்தப் பிள்ளதாண்ணே. வைரஸ் அங்கனதான் இருக்கும்” என்றேன். துப்பறியும் மூளை.

முதலில் அவள் வீட்டு இணைப்பைத்தான் கழற்றினேன். ஏணியடியில் அவள் அய்யா வந்து நின்றார். “தம்பி, பிள்ள தெரியாமச் செஞ்சிருக்கும். மன்னிச்சு விட்டுருங்க.” என்னவென்றே தெரியாத குற்றத்தை அவர் ஒப்புக்கொண்டார். நானும் பெரிய மனதோடு தலையாட்டினேன்.

பூட்டை ஆட்டுவது நிற்கவில்லை. ஒவ்வொரு வீடாகக் கழற்றினோம். “கரெண்டுக்காரன்கூட சொல்லிட்டுத்தான்டா நிறுத்துவான்!” என்று தெருவே ஏசியது. மறுநாள் காலையில் கடைசி வீட்டையும் கழற்றியாயிற்று. இணையம் ஓடினால் மினுக்கும் ஆபீஸ் பெட்டியின் விளக்கு மட்டும் விடாமல் மினுக்கிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்தது ஒரே ஒயர். கோயில் கேமரா.

அது என் சாதனை. முளைப்பாரி ஊர்வலத்தைச் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் பார்க்கட்டும் என்று கேமராவை வெளி உலகத்துக்குத் திறந்துவிட்டிருந்தேன். எல்லோருக்கும் ஞாபகம் இருக்கட்டும் என்று பாஸ்வேர்டு ஒன்றிலிருந்து ஆறு வரை. அதற்காக ஊர் எனக்குத் துண்டு போர்த்தியது. முளைப்பாரியைக் கரைத்தாயிற்று, கதவைச் சாத்தத்தான் மறந்துவிட்டேன். கேமராவும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்தான்; எவனோ அதற்குள் வந்து உட்கார்ந்து, எங்கள் அம்மன் வாசலிலிருந்து ஊர் ஊராகப் பூட்டை ஆட்டிக்கொண்டிருந்தான்.

அண்ணனே அந்த ஒயரைப் பிடுங்கினார். விளக்கு அடங்கியது.

புகாரை நீக்கச் சொல்லி இங்கிலீஷில் எழுத வேண்டும். இன்ஜினியருக்கு அந்த அளவுக்கு வராது. அந்தப் பிள்ளையைத்தான் கூப்பிட்டோம். பாதி எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

“தப்பு யாரோடதுன்னு போடணும்ணே?”

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

“எம்பேரப் போடு தாயி. கவனிக்காம விட்டது நாந்தான்” என்றார் அண்ணன்.

கழற்றிய வீடுகளையெல்லாம் திரும்ப மாட்டினேன். புகார் நீங்கி, சாயங்காலத்துக்குள் கம்பெனி அவளை உள்ளே விட்டது. அவள் வீட்டை விட்டு வெளியே வந்ததும் அண்ணன் கேட்டார்: “அந்தத் துண்டு வீட்ல இருக்காடா?” “இருக்குண்ணே.” “மூஞ்சியத் தொடச்சுக்க.”

அண்ணன் இப்போது தொழிலை என்னிடம் விட்டுவிட்டார். காலையில் டீக்கு முன்னால் எண்ணைப் போட்டுப் பார்க்கிறேன். சுத்தமாகத்தான் இருக்கிறது. டீ குடித்துவிட்டு இன்னொரு தரம் பார்க்கிறேன். அந்தப் பிள்ளை இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கிறாள். அவள் வீட்டு இணைப்பில் கோளாறு என்று போன் வந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். அவள் அய்யா எழுந்து நின்று நாற்காலி போடுகிறார். இந்த ஏரியாவிலேயே என்னைப் போல நல்ல சர்வீஸ் கிடையாது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாராம்.