துரையின் இடது கால்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்கு அல்லது ஐந்தாக இருக்கும். இலங்கை மலைநாட்டில் கொட்டகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தோட்டத்தை நடத்தும் துரையின் கார் டிரைவர் வீட்டில் சாப்பாட்டுக்கு ஒட்டிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுத் திரிந்தவன் நான். அட்டனில் ஒரு லொறிப் பட்டறையில் எட்டு மாதம் கிரீஸ் துடைத்தேன். அந்த வேலையும் நிலைக்கவில்லை.

துரையின் கார் யுத்தத்துக்கு முந்தையது. சில நாளாக இரும்பை இரும்பால் சுரண்டுவதுபோல் கத்தியது. டிரைவர் கியர் பெட்டியை உடைத்துவிட்டார் என்று துரை முடிவு கட்டி, மாதக் கடைசியோடு போகச் சொல்லிவிட்டார். வேலை போனால் வீடும் போகும்.

"எனக்கு கிளச்சை மிதிக்கிறப்ப மட்டுந்தான்டா கத்துது. தொரை கிளப்புக்கு ஓட்டிட்டுப் போறப்ப வழி முச்சூடும் கத்துதாம்" என்றார் டிரைவர்.

குனிந்து பெடல்களைப் பார்த்தேன். துரை முன்னால் செருப்புப் போட முடியாததால் டிரைவர் வெறுங்காலோடுதான் ஓட்டுவார். ஆனால் கிளச் பெடலின் ரப்பரைப் பூட்ஸ் ஆணி கொத்திக் கிழித்திருந்தது. பிரேக் பெடலில் அத்தனை தழும்பு இல்லை. துரையிடமே சொல்லப் போகிறேன் என்றேன்.

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்க தம்பி, இன்னைக்கே வெரட்டிருவாரு" என்று டிரைவரின் மனைவி தடுத்தார். நான் கேட்கவில்லை. காலையில் பங்களா வாசலில் போய் நின்றேன்.

"கியர் பெட்டி நல்லாருக்குங்க தொரை. நீங்களே ஓட்டுங்க, காட்டுறேன்."

என்ன நினைத்தாரோ, ஏறினார். டிரைவரும் நானும் பின்னால் உட்கார்ந்தோம். ஏற்றத்தில் கார் கத்தத் தொடங்கியது.

"கிளச் மேல இருக்கிற இடது காலைக் கீழ வைங்க, தொரை."

சத்தம் நின்றது.

"இப்ப சும்மா பெடல் மேல வைங்க."

கத்தியது. கோளாறு கியர் பெட்டியில் என்றால் காலை எடுத்தாலும் நிற்காது. மூன்று வளைவுகள் வரை அவரே காலை எடுத்தும் வைத்தும் பார்த்தார். அவர் கழுத்து சிவந்துகொண்டே போனது.

கிளச்சைத் தள்ளும் கரி வளையம், எந்நேரமும் கால் அழுத்தியதில் தேய்ந்து, அடியிலிருந்த இரும்பு உரசியிருக்கிறது. அட்டனில் பழைய சாமான் கடையில் ஒரு வளையம் கிடைத்தது. இரண்டு நாளில் நாங்களே மாட்டினோம். கார் பூனை மாதிரி மேடேறியது.

துரை தன் தவறென்று சொல்லவில்லை. டிரைவரிடம், "நாளைக்கு ஏழு மணிக்கு கார் கொண்டு வா" என்றார். அவ்வளவுதான், வேலையும் வீடும் தங்கின.

"நல்லவேளை, நமக்கு பூட்ஸ் இல்லடா" என்று டிரைவர் வீடு திரும்பும் வழியெல்லாம் சிரித்தார்.

அதன் பிறகு எத்தனையோ பட்டறைகளில் வேலை பார்த்துவிட்டேன். இன்றைக்கும் ஒரு வண்டி கத்தினால், ஓட்டுகிறவர் கால் எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.