ஆண் பவளமும் பெண் பவளமும்

1. புகார்

"ஹசீனா, ரெண்டு தொட்டிப் பீஸையும் கலந்துட்டீங்க. ஆறு மாச வேலை போச்சு."

ஆய்வகத் தலைவர் தாமஸ் சார் சத்தம் போடாமல்தான் சொன்னார். அதுதான் அதிகம் வலித்தது. தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் போகும் வழியில் ஒரு கல்லூரி. அதன் கடலுயிர் ஆய்வகத்தில் நான் டெக்னீஷியனாகச் சேர்ந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்கு முன் குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் பதினான்கு வருடம் ஸ்லைடு போட்டவள். லேபிள் மாறியதாக ஒரு புகார்கூட வந்ததில்லை.

வேலை இதுதான். முறைப்படி அனுமதி வாங்கிக் கொண்டுவந்த பவளக் கொத்து ஒவ்வொன்றிலும், காலனி என்போம் அதை, இரண்டு துண்டு எடுப்போம். ஒன்று சாதாரணத் தொட்டிக்கு, மற்றது இரண்டு டிகிரி சூடு ஏற்றிய தொட்டிக்கு. முதலில் சிவப்புச் சாயத்தில் ஊறவைப்போம். பிறகு அந்தச் சிவப்புக் கோட்டுக்கு மேல் எவ்வளவு வெள்ளை சேர்ந்திருக்கிறதோ அதுதான் வளர்ச்சி. தண்ணீர் கோவளத்திலிருந்து லாரியில் வரும். மேடவாக்கம் சிக்னலில் நின்றால், குடிதண்ணீர் லாரி என்று நினைத்து அப்பார்ட்மெண்ட்காரர்கள் ஒரு லோடு கேட்பார்களாம். "கடல் தண்ணி கீது சார், இன்னா பண்ணப்போறீங்கோ?" என்பாராம் டிரைவர்.

ஆறு மாதம் கழித்து அறுத்து அளந்தபோது, சாதாரணத் தொட்டித் துண்டுகளே இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்றன. பாதி நன்றாக வளர்ந்திருந்தது, பாதி மந்தம். மந்தமானவை சூட்டுத் தொட்டியைச் சேர்ந்தவை, நான் தட்டு மாற்றிவிட்டேன் என்று சார் முடிவு கட்டினார்.

ஆய்வு மாணவி விஜி தனியாக வந்து கேட்டாள். "அக்கா, மாறியிருந்தா இப்பவே சொல்லிடுங்க. என் தீசிஸே இதுலதான் இருக்கு."

"மாறல விஜி. ஆனா ஏன் இப்படின்னு எனக்கும் தெரியல."

2. ஸ்லைடு

இரண்டு நாள் தட்டு லேபிள்களையும் என் நோட்டையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன், எதுவும் மாறவில்லை. மூன்றாம் நாள் சிட்லபாக்கம் வீட்டிலிருந்து பஸ்ஸில் வரும்போது ஆஸ்பத்திரி ரிப்போர்ட் ஞாபகம் வந்தது. ஹீமோகுளோபினில் ஆணுக்கு ஒரு அளவு, பெண்ணுக்கு ஒரு அளவு. ஆணா பெண்ணா என்று பார்க்காமல் குறைவு என்று சொல்ல மாட்டோம்.

நேராகப் போய்க் கேட்டேன். "சார், இந்தப் பவளத்துல ஆண் பெண் உண்டா?"

"சில வகையில ஒரே காலனியில ரெண்டும் இருக்கும். இந்த வகையில தனித்தனி." தொட்டியை எட்டிப் பார்த்தார். "ஆனா வெளிய பார்த்தா தெரியாதே."

"சீவிப் பார்த்தா தெரியும் சார். முட்டை வைக்கிற சீசன்ல ஃபார்மலின்ல போட்ட துண்டு எல்லாக் காலனிக்கும் இருக்கு. எது நல்லா வளர்ந்ததுன்னு மட்டும் என்கிட்ட காட்டாதீங்க, அப்பதான் என் கண்ணு ஒரு பக்கம் சாயாது."

ஆசிடில் சுண்ணாம்பைக் கரைத்து, மிச்சமிருந்த சதையை மெழுகில் பதித்து, மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் மெல்லிசாகச் சீவிச் சாயமேற்ற நிறைய நாள் ஆனது. மைக்ரோஸ்கோப்பில் சிலவற்றில் உருண்டையான முட்டைகள், சிலவற்றில் விந்துப் பைகள். இரண்டே இரண்டு காலனிகளில் முட்டையோ பையோ எதுவுமே தெரியவில்லை, அதையும் அப்படியே எழுதினேன்.

விஜி என் பட்டியலைத் தன் அளவுகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். நன்றாக வளர்ந்தவை பெரும்பாலும் ஆண். மந்தமானவை பெண். சூட்டுத் தொட்டியில் இரண்டுமே தளர்ந்திருந்தன. ஆனால் பெண் துண்டுகள்தான் அதிகம் பின்தங்கியிருந்தன.

"முட்டைக்கே பாதி சத்து போயிடுது போல," என்றார் சார். "சூடும் சேர்ந்தா சுண்ணாம்பு எலும்பு கட்ட என்ன மிஞ்சும்? ஆனா இது நம்ம தொட்டிக் கதை. கடலுக்கே இப்படித்தான்னு சொல்ல இன்னும் நிறைய பார்க்கணும்."

அந்த வார மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றார். "ஹசீனா எதையும் கலக்கல. ஆணையும் பெண்ணையும் ஒரே சராசரியில போட்டுக் கலந்தது நான்தான். தப்பு என்னுது." விஜி மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன், சந்தோஷமாகவே இருந்தேன். லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: எண் ஒத்துவராவிட்டால் முதலில் உங்கள் கையைச் சந்தேகப்படுங்கள், ஒளிக்காமல் சரிபாருங்கள். கை சுத்தம் என்று தெரிந்துவிட்டால், பெரியவர்கள் சொல்கிறார்களே என்று தலையாட்டாதீர்கள். இன்னும் யாரும் கேட்காத கேள்வி ஒன்று அங்கே இருக்கலாம்.