ஒரு போகத்து முதலாளியம்மா

நாற்பத்தாறு வயதில் நான் முதலாளி ஆனேன். சிரிக்காதீர்கள். பெருமுக்கல் பக்கத்தில் ஒரு ஏக்கர் மானாவாரிக் கொல்லை, திண்டிவனத்தில் குடியிருக்கும் கோதண்டபாணி ஐயாவுடையது. இத்தனை வருஷம் அதில் கூலிக்குக் களை எடுத்த சவுரியம்மாள், போன வருஷம் அதையே குத்தகைக்கு எடுத்தாள். எல்லாம் வாய்ப்பேச்சுதான், குத்தகை அறுவடைக்குப் பிறகு. அந்த மகராசி நான்தான்.

முதலாளி ஆனதும் முதல் வேலையாக வரப்பில் இடுப்பில் கை வைத்து நின்றேன். எனக்குக் கீழே வேலை செய்ய இருந்தது என் புருஷன் சகாயராஜ் ஒருவர்தான்.

"ஜல்தியா களையெடு, வெயிலு ஏறுது" என்பேன்.

"நின்னுக்கினே இருக்கியே முதலாளியம்மா, டீ எப்ப வரும்?" என்பார். டீயும் நான்தான் போட வேண்டும்.

ஆடியில் வர வேண்டிய மழை ஆவணி முடியும்போதுதான் வந்தது. இப்போதெல்லாம் அதற்கு நேரம் காலமே கிடையாது. மல்லாட்டை போட்டோம், வேர்க்கடலைதான். காய் முற்றுகிற சமயம் பார்த்து, கார்த்திகையில் புயல் வந்து ஊரையே மூழ்கடித்தது. தண்ணீர் வடிவதற்குள் செடியெல்லாம் அழுகிப்போயிற்று. பக்கத்திலேயே ஐயா தானே பயிர் வைத்திருந்த நாலு ஏக்கரும் போயிற்று. பாவம் என்று அவருக்காகவும் சேர்த்து அழுதேன். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள் எனக்கு!

ஐயா போன் செய்தார்.

"சவுரி, நாளைக்கு சேதம் பாக்க ஆபீசர் வர்றாரு. பட்டா என் பேர்ல இருக்கு, நிவாரணம் எனக்குத்தான் வரும். உன் ஏக்கருக்கு வர்றத உங்கிட்டயே குடுத்துடறேன்."

அது வந்தால்தான் அடுத்த போகத்துக்கு விதை. வராவிட்டால் பழையபடி கூலி.

ஆபீசர் என்ற சொல் காதில் விழுந்ததுமே என் கூலிக்காரப் புத்தி எழுந்து உட்கார்ந்துகொண்டது. பெரிய மனுஷர் யார் வந்தாலும் கொல்லையைத் துடைத்து வைத்தாற்போல் வைப்பதுதான் எனக்குத் தெரிந்த வேலை. 'கொல்லையா இது, குப்பமேடா?' என்று எத்தனை பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்! நான் முதன்முதலாகப் பயிர் வைத்த நிலத்தைப் பார்த்து ஒருவர் மூக்கைப் பொத்துவதா? சகாயராஜையும் இழுத்துப்போய், அழுகின செடியை ஒன்று விடாமல் பிடுங்கி ஓடையில் தள்ளினேன். வரப்பைக்கூட வெட்டி ஒழுங்கு பண்ணினேன்.

ஆபீசர் வந்தார். பார்த்தார்.

"இதுல என்னாம்மா சேதம்? பயிரே வைக்கலியே."

"வச்சிருந்தோம் சார். நாங்கதான் எல்லாத்தையும் புடுங்கி சுத்தம் பண்ணிட்டோம்."

"எதுக்கு?"

"நீங்க வர்றீங்கன்னுதான் சார்."

சகாயராஜ் தலையில் அடித்துக்கொண்டார். நான் ஓடைக்கு ஓடினேன். ஒரு செடி மிச்சமில்லை, தண்ணீர் அத்தனையையும் இழுத்துப்போயிருந்தது. மாதாவே! இப்படி ஒரு மடச்சியை எங்கே பிடித்தாய்? ஐயாவின் நாலு ஏக்கர் அழுகல் மட்டும் போட்டோவில் ஏறியது. அவருக்கு நிவாரணமும் வந்தது.

அந்த நாலு ஏக்கரைச் சுத்தம் பண்ண ஐயா என்னைத்தான் கூப்பிட்டார். போனேன். போகாமல் என்ன பண்ணுவது? நாற்றத்தில் குனிந்து குனிந்து பிடுங்கும்போது வயிறு எரிந்தது. ஒரே மழைதான் இரண்டு பேர் கொல்லையிலும் பெய்தது. அவர் குடை பிடித்து வரப்பில் நிற்கிறார், நான் சேற்றில் நிற்கிறேன்.

வேலை முடிந்த அன்று நல்ல மனசோடுதான் கேட்டார்.

"அந்த ஏக்கர மறுபடியும் நீயே வச்சிக்கயேன். ஆனா ஒண்ணு, போன வாட்டி எனக்குக் குத்தகையே வரல. இந்தக் காலத்துல மழைய நம்ப முடியலம்மா. இனிமே குத்தகைய முன்னாடியே குடுத்துடு."

மழையை அவரால் நம்ப முடியவில்லையாம். அதனால் நான் நம்ப வேண்டுமாம். வந்த கோபத்துக்கு மண்வெட்டியைத் தூக்கி எறிந்திருப்பேன். அது அவருடைய மண்வெட்டி. கழுவி ஓரமாக வைத்தேன்.

"கூலிக்கே வர்றேங்க" என்றேன்.

"அதுவும் நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு, ஐயா ஐந்து ஏக்கருக்கும் சேர்த்து உழவுக்கு டிராக்டர்காரனுக்குப் போன் போட்டார்.