மணப்பெண்ணையும் நாத்தனாரையும் சேர்த்துப் பூட்டிய புடவைப் பின்

இன்று காலை ஒரு பட்டுக்கடையின் பில் கவுண்டரில், கல்யாணக் கோலத்தில் மூன்று பேரை வரிசையாக நிறுத்திவிட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை, மணப்பெண், மணப்பெண்ணின் நாத்தனார்.

மூன்று பேரும் ஒருவரோடு ஒருவர் பிணைக்கப்பட்டிருந்தார்கள். (மாப்பிள்ளையையும் பெண்ணையும் முடிச்சுப் போட்டது ஐயர். மீதி என் கைவேலை.)

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் பர்வீன். சின்ன காஞ்சிபுரத்தில் வீட்டிலிருந்தபடியே ஹிஜாப் பின், புடவைப் பின் செய்து விற்கிறேன். மணப்பெண் கலைவாணி என் காலேஜ் தோழி. பிள்ளையார்பாளையத்துப் பெண். முகூர்த்தச் சேலை அவள் அப்பாவே நெய்தது. அரக்குக் கலர்.

மாப்பிள்ளையின் அக்கா சுமதிக்கு அவர் கணவர் நெய்துகொடுத்த சேலையும் அதே அரக்குக் கலர்.

யார் கலரை மாற்றுவது என்று நிச்சயதார்த்தத்தில் ஆரம்பித்த சண்டை. இருவரும் மாற்றவில்லை, பேசிக்கொள்ளவும் இல்லை. (நெசவாளர் வீடுகளில் பிறகு எதற்குத்தான் சண்டை வரும்?)

போதாக்குறைக்கு, ‘அந்தப் பொண்ணுக்கு முந்தானை தோள்லயே நிக்காது’ என்று சுமதி அக்கா யாரிடமோ சொல்லிவைக்க, அது கலையின் காதுக்கு வந்துவிட்டது. அவள் நேராக என்னிடம் வந்தாள்.

“பர்வீன், என்ன ஆனாலும் கழலாத மாதிரி ஒரு பின்னு பண்ணிக் குடு. ஜரிகையில ஓட்டையும் விழக் கூடாது.”

எனக்கு வந்த முதல் கல்யாண ஆர்டர். விடுவேனா?

ஊசியை மெல்லிசாக்கினேன். அதன் முனையைப் பூட்ட, பின்பக்கம் ஒரு மூடி. மூடிக்குள் குட்டிக் குட்டி இரும்புக் குண்டுகள். ஊசி உள்ளே போனால் குண்டுகள் கவ்விக்கொள்ளும். இழுக்க இழுக்க இன்னும் இறுகும். திறக்க ஒரே வழி, பலமான காந்தம். துணிக்கடைகளில் திருட்டுப் போகாமலிருக்க சட்டையில் மாட்டியிருப்பார்களே ஒரு பிளாஸ்டிக் வில்லை, அதே வித்தைதான்.

பட்டுத் துண்டு ஒன்றில் குத்தி, அதில் தண்ணீர்க் குடத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். பின் கழலவில்லை. அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாலை மாற்றும்போது மடிப்பு கசங்கும் என்பதால், தாலி கட்டும் நேரத்தில் பின்னைக் குத்துவதாக ஏற்பாடு. காந்தம் தொலைந்துவிடக் கூடாதே என்று, நான் உட்கார்ந்திருந்த இரும்பு நாற்காலிக்கு அடியில் ஒட்டிவைத்தேன். (சிரிக்காதீர்கள். அப்போது அது நல்ல யோசனையாகத்தான் இருந்தது.)

கெட்டிமேளம். நாலா பக்கமும் அட்சதை. கண்ணெல்லாம் அரிசி. மூன்றாவது முடிச்சுப் போட சுமதி அக்கா பின்னாலிருந்து குனிகிறார். நான் கைக்கு அகப்பட்ட அரக்குப் பட்டை மடித்துப் பின்னைக் குத்தினேன்.

‘டிக்’ என்று பூட்டிக்கொண்டது.

சுமதி அக்கா நிமிர்ந்தார். கலையும் கூடவே எழுந்தாள்.

யா அல்லா.

மேடைக் கூட்டம் விலகி வழி கிடைத்ததும் காந்தத்தை எடுக்க ஓடினேன். என் நாற்காலியைக் காணவில்லை. முகூர்த்தம் முடிந்ததுமே நாற்காலிகளைப் பந்திக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை ஒவ்வொருவராக எழுப்பி, அடியில் தடவிப் பார்த்தேன். ஒரு பெரியவர் ரசத்தோடு எழுந்து நின்று ஒத்துழைத்தார். கிடைக்கவில்லை. ஒரு வண்டி நாற்காலி அடுத்த கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டது என்றார்கள்.

சென்னையிலிருந்து வந்த உறவினர் ஒருவர், கத்தரியால் துளியூண்டு வெட்டிவிடலாமே என்றார்.

மண்டபமே திரும்பி அவரை முறைத்தது. கலையின் அப்பா மட்டும் நிதானமாகச் சொன்னார்: “தறியில இருந்து சேலையை அறுக்கறப்போ கத்தரி வெப்போம் சார். அதுக்கப்புறம் அதுங்கிட்ட கத்தரியே போவக் கூடாது.”

அப்படியே வெட்டுவதென்றாலும் யார் சேலையை வெட்டுவது? இரண்டு குடும்பமும் நெசவு. அடுத்த சண்டைக்கு எல்லாம் தயார்.

இன்னொரு தலைவலி, ராகு காலத்துக்கு முன் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குள் போக வேண்டும். நாத்தனார் வாசலை மறித்து, கேட்டதை வாங்கிக்கொண்டுதான் உள்ளே விட வேண்டும். மறிக்கிறவரும் மறிக்கப்படுகிறவரும் ஒரே பின்னில்!

அப்போதுதான் துணிக்கடை வில்லை ஞாபகம் வந்தது. அதைக் கழற்றும் காந்தம் பில் கவுண்டரில் இருக்குமே!

ஒரே ஆட்டோவில் பின் சீட்டில் மூவரும், டிரைவர் பக்கத்தில் நானும். கலையின் அப்பா பைக்கில் பின்னாலேயே வந்தார்.

கவுண்டர்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். “பில் இருக்குதாமா?”

விளக்கினேன். அவர் பார்டரைத் தடவிப் பார்த்து, இது எங்கள் கடைச் சேலையே இல்லையே, எப்படிக் கழற்றுவது என்றார்.

“நாங்க நெய்யறதைத்தான நீங்க விக்கிறீங்க?”

கேட்டது கலையும் சுமதி அக்காவும். ஒரே குரலில். நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்.

அவர் உடனே பின்னின் மேல் காந்தத்தை வைத்தார். டிக். பின் என் கையில்.

கலையின் அப்பா இரண்டு சேலையையும் வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரலால் நீவிப் பார்த்தார்.

“இழை ஒண்ணும் அறல.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கையோடு பின்னைக் கலையின் தோளில் மட்டும், இரண்டு முறை சரிபார்த்துக் குத்தினேன்.

ராகு காலத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டு வாசல். சுமதி அக்கா ஆரத்தித் தட்டோடு மறித்தார். என்ன வேண்டும் என்று கலையின் அப்பா கேட்டார். எல்லோரும் மோதிரத்தை எதிர்பார்த்தோம்.

“நகை எதுவும் வாணாம்பா. பின்னு அவகிட்டயே இருக்கட்டும். காந்தம் எங்கிட்ட இருக்கணும்.”

கலை விழுந்து விழுந்து சிரித்தாள். சரி என்றும் சொல்லிவிட்டாள்.

புதுக் காந்தம் வாங்கித் தருகிறேன் அக்கா என்றேன். முடியாதாம். பழையது கிடைக்கும்வரை கடைக்குப் போய்க் கழற்றுவதும் கூடாதாம். “புதுசை எங்கிட்ட குடுத்துட்டு, பழசு கெடைச்சா இவகிட்ட குடுப்ப. எனக்குத் தெரியாதா?”

ஆகவே நண்பர்களே, இந்த வாரம் காஞ்சிபுரத்தில் கல்யாணத்துக்குப் போகிறவர்கள், உட்காரும் முன் நாற்காலிக்கு அடியில் ஒரு தரம் தடவிப் பாருங்கள்.

கலை இன்னும் அந்தச் சேலையில்தான் இருக்கிறாள்.