அர்ச்சனா இந்த வீட்டில்தான் இருக்கிறாள்

"கேசும் இல்ல, ஒண்ணும் இல்ல, சின்னபொண்ணு. எம் பேத்தி படிக்கப் போறா. அதுக்குத்தான் போலீசு வந்துச்சு."

"படிக்கப் போறவ வூட்டுக்கு எதுக்குக்கா போலீசு வருது? எம் பேரன் ஐ.டி.ஐ. போனப்ப பஸ்ஸு மட்டுந்தான் வந்துச்சு."

"இது போலீசு சம்பந்தப்பட்ட படிப்புடி."

"அப்ப கேசுதான்."

இப்படிப் பேசுகிறவளுக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது? சின்னபொண்ணு எனக்கு எதிர்வீடு. என்னைவிடப் பத்து வயது இளையவள். முப்பது வருஷமாக அக்கா, அக்கா என்று கூப்பிடுகிறவள். அன்றைக்கு வெங்காயம் உரிக்கிற சாக்கில் என் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். அது வியாழக்கிழமை காலை. எங்களுக்கு வேண்டியது அவளுடைய கைநாட்டு ஒன்று. ஸ்டேஷனுக்கு வந்து, அர்ச்சனா நல்ல பெண், இந்த வீட்டில்தான் இருக்கிறாள் என்று சொல்லி ஒரு காகிதத்தில் வைக்கவேண்டும். அந்தக் காகிதம் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் கல்லூரிக்குப் போய்ச் சேரவில்லை என்றால் சீட்டு வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

தெருவில் என்னென்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியும். வந்தது மோட்டார் சைக்கிள். தெருக்கோடிக்குப் போவதற்குள் அது ஜீப் ஆகிவிட்டது. எவனோடோ பழகி மாட்டிக்கொண்டாள், அதனால் வெளியூருக்கு அனுப்புகிறார்கள் என்றது ஒரு வாய். பஸ்ஸில் கண்டக்டரை அடித்துவிட்டாள் என்றது இன்னொரு வாய். கண்டக்டர் கதை மட்டும் எனக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது.

அர்ச்சனா என் மகன் குமரவேலுவின் ஒரே பெண். ஏம்பலத்தில் எங்களுக்கு இருப்பது கரும்புக் கழனி. வெட்டு நேரத்தில் வீட்டில் யாரும் யாரையும் கவனிக்க முடியாது. அந்தப் பிள்ளை தானாக வளர்ந்தது. கேள்வி கேட்டே வளர்ந்தது.

அவளுக்குப் பத்து வயதில் சின்னபொண்ணுவின் கோழி காணாமல் போனது. பின்தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கிற அன்புராஜ்தான் பிடித்துக் குழம்பு வைத்துவிட்டான் என்று சின்னபொண்ணு முடிவு கட்டினாள். அவன் கடை வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தாள். தெருவே வேடிக்கை பார்த்தது. இவள் மட்டும் சின்னபொண்ணுவின் முந்தானையைப் பிடித்து இழுத்துக் கேட்டாள்.

"சின்ன ஆயா, கோழி காணாமப் போறதுக்கு முன்னாடி முட்டை போட்டுச்சா?"

"எங்கடி போட்டுச்சு? பத்து நாளா ஒரு முட்டையக் காணோம்."

"அப்ப மொதல்ல காணாமப் போனது முட்டைதான?"

கேட்டுவிட்டு நேராக எங்கள் கரும்புத் தோகைப் போருக்குப் பின்னால் போனாள். கோழி அங்கே பதினோரு முட்டையின்மேல் உட்கார்ந்து அடைகாத்துக்கொண்டிருந்தது. கிட்டே போனவளைக் கொத்தவும் கொத்தியது. அழுதுகொண்டே விரலைச் சப்பிக்கொண்டு வந்து என்னிடம் சொன்னாள்: "ஆயா, திருட்டு நடந்துச்சான்னு மொதல்ல பாக்கணும். அப்பறந்தான் திருடன் யாருன்னு பாக்கணும்." அன்புராஜுக்கு அன்றைக்கு ஒரு கடலை மிட்டாய் டப்பாவையே தூக்கிக் கொடுத்துவிடலாம் போல இருந்தது. நான்தான் தடுத்தேன், பல் கெட்டுப்போகும் என்று.

பி.ஏ. முடித்தாள். காலையில் ஷூ மாட்டிக்கொண்டு பண்டசோழநல்லூர் வரை ஓடித் திரும்புவாள். எஸ்.ஐ. ஆகவேண்டும் என்பது அவள் எண்ணம். குமரவேலுவும் சரி என்றான். ஆனால் அதற்கு முன்னால் குற்றவியலில் எம்.ஏ. படிக்கவேண்டும், அதுவும் எட்டு மணி நேரம் பஸ்ஸில் போகிற ஊரில் என்றதும் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்துவிட்டான்.

"போலீசு வேலைக்கு இன்னாத்துக்குடி ரெண்டு வருசம் படிப்பு? பரீட்சைய எழுது, ஓடு, சேரு."

"ஓடிப் புடிக்கறதுக்கு ஆளு இருக்காங்கப்பா. அவன் ஏன் செஞ்சான், புடிச்ச பின்னாடி அவன இன்னா பண்றது, அடிபட்டவ கூட யாரு நிக்கறது, இதயெல்லாம் படிச்சுட்டுப் போனா நான் வேற மாதிரி போலீசா இருப்பேன்."

"எந்த மாதிரி?"

"வூட்டுக்கு வந்தா நீ உள்ள ஓடாத மாதிரி."

குமரவேலு சிரித்துவிட்டான். அவன் உள்ளே ஓடுகிறவன்தான். அதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிற மருமகளே, உன் புருஷன் என்று பார்த்து விட்டுவிடாதே.

எங்கள் பக்கம் நாலு கழனி தாண்டினால் தமிழ்நாடு. இந்தப் பக்கத்து மலிவுச் சாராயம் அந்தப் பக்கம் போவது என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே நடக்கிற விஷயம். கரும்புக்கட்டுக்குள், வைக்கோலுக்குள், ஒரு தடவை கல்யாணச் சீர்வரிசை அண்டாவுக்குள். இந்தப் பக்கத்துக் காக்கியும் வரும், அந்தப் பக்கத்துக் காக்கியும் வரும். யார் வந்து எந்தப் பேரைக் கேட்டாலும் எங்கள் தெருவில் பதில் ஒன்றுதான். அந்த ஆள் இங்கே இல்லை. என் வீட்டுக்காரர் சிங்காரவேலு நெல் குதிருக்குள் உட்கார்ந்து தும்மிக்கொண்டிருக்கும்போது, அவர் திருப்பதி போயிருக்கிறார் என்று நான் வாசலில் நின்று சொல்லியிருக்கிறேன். இதைப் பொய் என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை. வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பதுபோல அதுவும் ஒரு வழக்கம்.

சீட்டுக் கிடைத்தது. ஜெயிலுக்குள்ளும் கோர்ட்டுக்குள்ளும் கூட்டிக்கொண்டுபோய்ப் பாடம் நடத்துவார்களாம்; அதனால் அந்தக் கல்லூரியில் போலீஸ் சான்று கேட்டார்கள். அர்ச்சனா எழுதிப் போட்டாள். விசாரிக்க வருவார்கள் என்று வீட்டில் சொன்னாளாம். என்னிடமும் சொன்னாளாம். அன்றைக்கு நான் மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஏட்டு நாகராஜன் வந்தபோது வீட்டில் நான் மட்டும்தான். மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். கையில் காகிதம் வைத்திருந்தார்.

"அர்ச்சனா, குமரவேலு பொண்ணு. இந்த வூடுதான?"

காக்கி பேர் சொல்லிக் கேட்கிறது. நான் யோசிக்கக்கூட இல்லை.

"அப்பிடி யாரும் இங்க இல்லிங்களே."

அவர் வாசலைப் பார்த்தார். அங்கே அவளுடைய ஷூ காய்ந்துகொண்டிருந்தது. உள்சுவரைப் பார்த்தார். அங்கே அவள் கோப்பையோடு நிற்கிற போட்டோ இருந்தது.

"இந்த ஷூ யாருது ஆயா?"

"என்னுதுதான். கால்வலி."

அதையும் எழுதிக்கொண்டார். எதிர்வீட்டில் கேட்டார். சின்னபொண்ணு என் கண்ணைப் பார்த்துவிட்டு, அந்தப் பெண் கல்யாணமாகிப் போய்விட்டது என்றாள். கடையில் கேட்டார். அன்புராஜ், அது பெங்களூரில் வேலை பார்க்கிறது என்றான். மூன்று பேரும் அவள்மேல் இருந்த பிரியத்தில்தான் சொன்னோம். அவர் போன பிறகு அன்புராஜும் எங்கள் தெருவுக்கு வந்தான்; மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டோம், நல்ல காரியம் செய்ததுபோல.

புதன்கிழமை சாயங்காலம் அவளுடைய செல்லுக்குச் செய்தி வந்தது. சொன்ன முகவரியில் அப்படி ஒருவர் இல்லை, சான்று தரமுடியாது. பிள்ளை கட்டிலில் உட்கார்ந்து அழுதது. நான் பார்த்து அவள் அழுதது அதற்கு முன்னால் கோழி கொத்தினபோதுதான். அழுது முடித்துவிட்டுக் கேட்டாள்:

"ஆயா, அவரு வந்தப்ப யாரு இருந்தது?"

"நான்தான்."

"இன்னா சொன்ன?"

சொன்னேன். ஷூவையும் சொன்னேன். அவளுக்குக் கோபம் வரும் என்று பார்த்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

"எதுக்கு வந்தேன்னு அந்த ஆளு மொதல்ல சொல்லியிருக்கணும்," என்றேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

அவளும் அவள் அப்பனும் உடனே ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டார்கள். வீட்டு ஆட்கள் சொன்னால் செல்லாது, அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் நேரில் வந்து எழுதிக்கொடுக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அதனால்தான் வியாழக்கிழமை காலை நான் சின்னபொண்ணு முன்னால் நின்றேன்.

"கேசு இருக்கற பொண்ணுக்கு நான் எப்பிடிக்கா கைநாட்டு வெக்கறது?" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். எனக்கும் வீம்பு ஏறிவிட்டது. நீ வைக்காவிட்டால் ஊரில் கட்டைவிரலே இல்லையா என்று கேட்டேன். வெங்காயத்தை முறத்தோடு உள்ளே எடுத்துப் போய்விட்டாள்.

அப்போது அர்ச்சனா வந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒரு வெங்காயத்தை எடுத்தாள்.

"சின்ன ஆயா, அந்த ஏட்டுகிட்ட அன்னிக்கு நீங்க இன்னா சொன்னீங்க?"

சின்னபொண்ணு முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னா?"

"உன்னக் காப்பாத்தத்தான்டி சொன்னேன்."

"தெரியும். இப்ப ஸ்டேஷனுக்கு வந்து மாத்திச் சொன்னா, பொய் சொன்னதுக்கு உங்களப் புடிச்சு உள்ள வெச்சுடுவாங்கன்னு பயமா?"

சின்னபொண்ணு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வெங்காயமா, வேறா, தெரியவில்லை. "எம் மேல இல்லாத கேசு இனிமே வரணுமாடி?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேசு, கேசு என்று அவள் சொன்னதற்கெல்லாம் அடியில் இருந்தது இந்தப் பயம். நான் நாள்பூராவும் பேசியிருந்தாலும் அது வெளியே வந்திருக்காது. நான் வாதாடத்தான் போனேன். பிள்ளை கேள்வி கேட்டாள்.

"மொதல் பொய் சொன்னது நான்தான்டி," என்றேன் வாசலில் நின்றபடியே. "புடிக்கறதா இருந்தா என்னைத்தான் மொதல்ல புடிக்கணும். நானும் வரேன்."

"நீ முன்னாடி நடப்பியாக்கா?"

"நடக்கறேன்."

அன்புராஜை இரண்டாவது தடவை கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை. கோழித் திருட்டிலிருந்து தனக்கு விடுதலை வாங்கித் தந்த பெண் என்று சொல்லிக் கடையை மூடிவிட்டு வந்தான். ஷேர் ஆட்டோவில் மூன்று பேரும் ஒட்டிக்கொண்டு போனோம். கோழி விஷயத்துக்குப் பிறகு சின்னபொண்ணுவும் அவனும் அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

ஸ்டேஷன் படியை நான் அதற்குமுன் மிதித்ததில்லை. முன்னால் நடந்தேன். ஏட்டு நாகராஜன் எங்களைப் பார்த்ததும் பேனாவை மூடிவைத்தார்.

"கால்வலி எப்பிடி இருக்குது ஆயா?"

"ஷூ போட்டதுல சரியாப் போச்சுங்க."

அடுத்து சின்னபொண்ணுவைப் பார்த்தார். "கல்யாணம் ஆயிப் போயிடுச்சுன்னு சொன்னது நீங்கதான?"

"ஆவும்னு சொன்னேங்க. உங்க காதுல ஆயிடுச்சுன்னு வுழுந்திருக்கும்."

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் போலீஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏட்டு காகிதத்தை எடுத்து, இந்தப் பெண்ணை எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டார். அதுவரை என் முதுகுக்குப் பின்னால் நின்ற சின்னபொண்ணுவுக்கு எங்கிருந்துதான் பேச்சு வந்ததோ. பிறந்த அன்று மழை பெய்தது, முதல் பல் முளைத்தது, கோழி, பதினோரு முட்டை, அதில் ஒன்பது பொரித்தது, சேவல் எத்தனை பெட்டை எத்தனை என்று போய்க்கொண்டே இருந்தாள்.

"போதும்மா. இங்க ரெண்டு வரிக்குத்தான் எடம் இருக்குது."

கட்டைவிரலை மையில் அழுத்தி வைத்தாள். அன்புராஜ் கையெழுத்துப் போட்டான். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குச் சான்று வந்தது. அர்ச்சனா ஸ்டேஷனிலேயே அதைச் செல்லில் கல்லூரிக்கு அனுப்பினாள். எங்கள் தெருவில் போலீஸ் காகிதத்தில் மை வைத்த முதல் ஆள் தான்தான் என்று சின்னபொண்ணு இப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஜீப் கதையை யாராவது எடுத்தால் அவளே அடிக்கப் போகிறாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை அர்ச்சனா புறப்பட்டாள். முதுகில் ஒரு பை, கையில் ஒரு பை. சின்னபொண்ணு அவித்த முட்டை பத்து கட்டிக்கொடுத்தாள். குமரவேலு பஸ் ஏற்றிவிட வண்டியை எடுத்தான். வாசலில் உட்கார்ந்து அவள் ஷூவுக்கு நாடா கட்டினாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"வரேன் ஆயா. யாராச்சும் கேட்டா இருக்கேன்னு சொல்லு."

"போடி."

படி இறங்கிப் போனாள். வண்டி திரும்பின தூசு அடங்கவில்லை. எதிரே மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஏட்டு நாகராஜன்தான், வேறு ஒரு வீட்டுப் பாஸ்போர்ட்டுக்கு விசாரணையாம்.

"இன்னா ஆயா, அர்ச்சனா இருக்குதா?"

"இல்லிங்க. ஊருக்குப் போயிட்டா."

அவர் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். அங்கே ஷூ இல்லை. தலையாட்டிவிட்டுப் போனார்.