மூன்று முறை எழுத வைத்த வாக்கியம்

தெலுங்கும் உருதும் பேசும் கொண்டாப்பூருக்குக் குடிவந்த வருஷம் என் மகள் இரண்டாம் வகுப்பு. தினமும் ஐந்து ஆங்கிலச் சொற்களுக்குப் பொருள் எழுதி, சொந்த வாக்கியமும் எழுதவேண்டும். பெற்றோர் படித்துக் கையெழுத்துப் போடவேண்டும். அவள் ஆங்கிலத்தில் பின்தங்கிவிடுவாளோ என்று எனக்கு ஓயாத பயம்.

ஒருநாள் ‘ட்விஸ்ட்’ என்ற சொல்லுக்கு, ‘பிடித்துத் திருகுவது’ என்று பொருள் எழுதியிருந்தாள். ‘வேன் அங்கிள் என் கையைத் திருகுகிறார்’ என்பது வாக்கியம். எழுத்து கோணலாக இருந்தது.

“அழகா எழுதுடி. மூணு தடவை.”

எழுதினாள். கையெழுத்துப் போட்டேன். மறுநாள், அவர் முடியைப் பிடித்து இழுக்கிறார் என்ற வாக்கியத்துக்கும் போட்டேன்.

அடுத்த நாள் காலை அவளுக்குத் தலை வாரும்போது காதுக்குப் பின்னால் ஒரு கொத்து முடி இல்லை. ரத்தம் காய்ந்திருந்தது.

“யாருடி இப்படிப் பண்ணினது?”

“நோட்டுல எழுதினேன் கதாம்மா.” ‘இல்லையா’ என்பதற்கு அவள் பள்ளியில் கற்ற தெலுங்கு ‘கதா’. “நீ சைன் பண்ணே.”

பள்ளி வேன் வந்ததும் டிரைவரைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தேன். கையிலிருந்த எவர்சில்வர் டிபன் டப்பாவால் முகத்தில் அடித்தேன். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியும் என் கை நிற்கவில்லை.

“நக்கோ மேடம், மர் ஜாயேகா!” வேண்டாம், செத்துப்போவான் என்று கத்திக்கொண்டே வாட்ச்மேன் என்னைப் பின்னால் இழுத்தார்.

அன்று மாலை அவள் நோட்டை நீட்டினாள். ஒவ்வொரு வரியாகப் படித்தேன். ‘அம்மா அங்கிளை அடித்தபோது நான் பயந்தேன்’ என்று எழுதியிருந்தாள்.

எழுத்து கோணலாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட என்னால் முடியவில்லை.